சங்கக் கணக்கைப் போனில் வைத்திருப்போர் கவனத்துக்கு



முன்பெல்லாம் மரணாதாரச் சங்கத்தின் கணக்கு என்றால் தடித்த அட்டை போட்ட ஒரு கொப்பி. அது பொருளாளர் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும். சந்தா கட்டப் போகிற நாளில்தான் அதைக் கண்ணால் காணலாம். இப்போது பல தோட்டங்களில் அந்தக் கொப்பியைக் காணோம். ஏ.எல். படித்த நம்ம பிள்ளைகள் கூகுள் ஷீட் என்ற கணக்குத் தாளைப் போனிலேயே உண்டாக்கி, அதன் லிங்கை வட்ஸ்அப் குழுவில் போட்டு விடுகிறார்கள். மரணாதாரச் சங்கம் மட்டுமில்லை. கோயில் திருவிழா வரி, மாதர் சங்கத்துச் சீட்டு, மண்சரிவு நேரத்தில் போடுகிற நிவாரணப் பட்டியல் என்று எல்லாமே இந்தத் தாளுக்கு வந்து கொண்டிருக்கிறது.

நல்ல காரியம்தான். யார் கட்டினார், யாருக்குப் பாக்கி என்று லயத்தில் இருந்தபடியே பார்க்கலாம். பொருளாளர் வீட்டு வாசலில் போய் நிற்கத் தேவையில்லை. ஆனால் லிங்கைக் கொடுக்கிறபோது ஒரு சின்ன விசயத்தைக் கவனிக்காமல் விட்டால், பார்க்கிற அனுமதியோடு எழுதுகிற அனுமதியும் சேர்ந்தே எல்லாருக்கும் போய்விடும். அதனால் வருகிற சங்கடத்தையும் அதைத் தடுக்கும் வழியையும் இம்முறை நாம் கொஞ்சம் விபரமாகப் பார்ப்போம்.

கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். தராசு எத்தனை காட்டுகிறது என்று எல்லாரும் பார்க்கலாம். பார்க்கத்தான் வேண்டும். சாக்குக்கு எத்தனை, ஈரத்துக்கு எத்தனை கழிக்கிறார்கள் என்று கேட்பது நமது உரிமை. அதற்காக நம்மவர்கள் எத்தனையோ காலம் வாய்ச்சண்டை போட்டிருக்கிறார்கள். ஆனால் நிறுவைப் புத்தகத்தில் எழுதுகிற பேனா ஒருவர் கையில்தான் இருக்கும். வரிசையில் நிற்கிற இருபது பேரும் ஆளுக்கொரு பேனாவோடு அந்தப் புத்தகத்தில் கை வைத்தால் சாயந்தரம் யாருடைய கிலோ யாருக்கு என்று கடவுளுக்கும் தெரியாது. திறந்துவிட்ட கணக்குத் தாளின் நிலையும் அதுவேதான்.

அத்துடன் புத்தகத்துக்கும் இந்தத் தாளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. புத்தகத்தில் எழுத வேண்டுமானால் பேனாவைத் தேட வேண்டும், குனிந்து எழுத வேண்டும். பிழையாக எழுதினால் வெட்டின அடையாளம் தெரியும். கூகுள் ஷீட்டில் விரல் பட்டாலே போதும். மடியில் இருக்கிற குழந்தை இரண்டு தட்டுத் தட்டினால் ஒரு குடும்பத்தின் சந்தா காணாமல் போகலாம். "சேவ் பண்ணவா?" என்று அது கேட்பதும் இல்லை. மாற்றின அந்த நிமிடமே பதிவாகி, எல்லார் போனிலும் அப்படியே தெரியும்.

நமது பகுதித் தோட்டம் ஒன்றில் நடந்ததைச் சொன்னால் இது நன்றாக விளங்கும். பெயர் வேண்டாம். அங்கே மரணாதாரச் சங்கத்துக்குச் சட்டம் ஒன்று இருக்கிறது: தொடர்ந்து மூன்று மாதம் சந்தா கட்டாவிட்டால் மரணப் பணம் கிடையாது. ஒரு அக்காவின் வீட்டுக்காரர் திடீரென்று நெஞ்சுவலியில் தவறிவிட்டார். கமிட்டிக்காரர்கள் போனில் தாளைத் திறந்து பார்த்தால், அவர் பெயருக்கு நேரே ஐந்து மாதம் வெறுமையாகக் கிடக்கிறது. "சம்பளத்தன்னிக்கே குடுத்திருவேங்க, ஒரு மாசம் விட்டதில்லீங்க" என்று அந்த அக்கா சொல்லச் சொல்ல, "போன்ல இல்லையே அக்கா" என்றுதான் பதில் வந்தது. பிணம் வீட்டில் கிடக்கிறபோது பற்றுச்சீட்டை எங்கே தேடுவது? பெட்டிக்கும் பந்தலுக்கும் வட்டிக்குக் கடன் வாங்கி அடக்கம் செய்தார்கள். லயத்தில் ஒரு பக்கம், "கட்டாமலே கேக்குறாங்க" என்ற பேச்சு. இன்னொரு பக்கம், பொருளாளர் காசைத் தின்றுவிட்டார் என்ற பேச்சு. இரண்டுமே பொய்.

நடந்தது இதுதான். யாரோ ஒருவர் கொம்பியூட்டரில் தாளைத் திறந்து, தனது பெயரைச் சுலபமாகத் தேட நினைத்துப் பெயர் வரிசையை மட்டும் அகர வரிசைப்படி அடுக்கியிருக்கிறார். பெயர்கள் இடம் மாறிவிட்டன. பக்கத்தில் இருந்த காசுக் கணக்கு இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. ஆகவே ஒருவர் கட்டிய பணம் இன்னொருவர் பெயருக்கு நேரே போய் நின்றது. அந்த அக்கா குடும்பத்துக்கு மட்டுமில்லை, சங்கத்தில் ஏறக்குறைய எல்லாருடைய கணக்கும் இடம் மாறிக் கிடந்தது. சாவு விழுந்த வீட்டில்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது. பொருளாளரின் மகள் பாடசாலைக் கொம்பியூட்டரில் பழைய பதிவைத் திறந்து காட்டிய பிறகு, கருமாதிக்கு முதல் நாள் பணம் கைக்கு வந்தது. கடனுக்குக் கட்டிய வட்டி வந்ததா என்று கேட்காதீர்கள்.

மாற்றியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. லிங்க் உள்ள எவரும் எழுதலாம் என்று விட்டிருந்தால், ஜிமெயில் கணக்குக்குள் போகாமல் எழுதுகிறவரின் பெயர் பதிவாகாது. பெயரில்லாதவர் என்றுதான் காட்டும். எங்கள் எண்ணம் என்னவென்றால், அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. இந்த மாதிரி மாற்றங்களில் பெரும்பாலானவை கைதவறி நடப்பவையே. "எங்க மேல நம்பிக்கை இல்லாமதான் பூட்டுறீங்களா?" என்று யாராவது கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பூட்டு இருந்திருந்தால் அந்தப் பொருளாளர் பெயரும் கெட்டிருக்காது.

சரி, செய்ய வேண்டியது என்ன?

முதல் வேலையைப் போனிலேயே முடிக்கலாம். தாளைத் திறந்து ‘ஷெயார்’ என்ற இடத்துக்குப் போங்கள். அங்கே ‘ஜெனரல் அக்ஸஸ்’ என்று ஒரு பகுதி இருக்கும். ‘எனிவன் வித் த லிங்க்’ என்று இருந்தால் லிங்க் கையில் கிடைத்த யாரும் உள்ளே வரலாம் என்று அர்த்தம். அதோடு சேர்ந்து ‘எடிட்டர்’ என்றும் இருந்தால் வந்தவர் எல்லாரும் எழுதலாம். அதைத்தான் ‘வியூவர்’ என்று மாற்ற வேண்டும். வியூவர் என்றால் பார்ப்பவர். ஒரு புள்ளிகூட வைக்க முடியாது. புதிய லிங்க் அனுப்பத் தேவையில்லை, குழுவில் ஏற்கெனவே கிடக்கிற அதே லிங்க் அன்றிலிருந்து பார்க்க மட்டும் உதவும். பிறகு எழுத வேண்டியவர்களை மட்டும் அவரவர் ஜிமெயில் விலாசத்தைப் போட்டு எடிட்டராகச் சேர்த்துக் கொள்ளுங்கள். மாற்றியது சரியாக அமைந்ததா என்று பார்க்க, எடிட்டர் அல்லாத இன்னொருவர் போனில் அந்த லிங்கைத் திறந்து ஏதாவது ஒரு கட்டத்தில் எழுதிப் பாருங்கள். எழுத விடாவிட்டால் சரி.

அந்த ‘ஷெயார்’ பெட்டியிலேயே பல்சக்கரம் மாதிரி ஓர் அடையாளம் இருக்கும். கொம்பியூட்டரில் திறந்தால் நன்றாகத் தெரியும். எடிட்டர்கள் மற்றவர்களையும் சேர்க்கலாம் என்று அதற்குள் ஒரு சரி அடையாளம் போட்டிருக்கும். அதை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு எடிட்டர் தன் மச்சானைச் சேர்ப்பார், மச்சான் இன்னொருவரைச் சேர்ப்பார்.

எத்தனை எடிட்டர்? செயலாளர், பொருளாளர், இவர்களோடு கமிட்டியில் இல்லாத ஒருவர். மூன்றாமவரை மாதர் சங்கத்திலிருந்து எடுத்தால் நல்லது என்பது எமது கருத்து. இதற்குக் காரணம் இருக்கிறது. யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற பழைய பதிவை வியூவர்களால் பார்க்க முடியாது, எடிட்டர்களால்தான் முடியும். எழுதுகிற இரண்டு பேரே தங்களைத் தாங்களே கண்காணிப்பது எந்தச் சங்கத்துக்கும் ஆகாது.

இன்னொன்று, தாளின் சொந்தக்காரர் யார் என்ற விசயம். பெரும்பாலும் அதை உண்டாக்கின தம்பியின் சொந்த ஜிமெயிலில்தான் தாள் இருக்கிறது. தம்பி நாளைக்குக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போவார், கட்டாருக்குப் போவார், போனைத் தொலைப்பார், பாஸ்வேர்டை மறப்பார். சங்கத்துக்கென்று தனியாக ஒரு ஜிமெயில் திறந்து தாளை அதன் சொந்தமாக்குவதே பாதுகாப்பு. பாஸ்வேர்டைக் கடதாசியில் எழுதி, உறையில் ஒட்டி, தலைவரும் செயலாளரும் ஒட்டின இடத்தில் கையொப்பம் வைத்து, வங்கிப் புத்தகத்தோடு வைத்துக் கொள்ளலாம்.

அடுத்தது தாளுக்குள்ளேயே பூட்டுவது. அனுமதி உள்ள எடிட்டருக்கும் கை தவறும். இரவு ஒன்பது மணிக்குக் குப்பி விளக்கு மாதிரி மங்கின வெளிச்சத்தில், நாள் முழுக்க மலையில் நின்ற கையோடு எழுதினால் தவறாமல் என்ன செய்யும்? ஆகவே எழுத வேண்டிய கட்டங்களை மட்டும் திறந்து வைத்து, மற்றதைப் பூட்ட வேண்டும். இந்த வேலைக்குக் கொம்பியூட்டர் தேவை. பாடசாலையிலோ, டவுன் கொமியுனிகேஷனிலோ அரை மணித்தியாலம் கிடைத்தால் போதும். மேலே ‘டேட்டா’ என்ற இடத்தை அழுத்தினால் ‘புரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ்’ என்று வரும். முழுத் தாளையும் பூட்டலாம், அல்லது குறிப்பிட்ட கட்டங்களை மட்டும் பூட்டலாம். முழுத் தாளையும் பூட்டி, "இந்தக் கட்டங்கள் தவிர" என்று இந்த மாதத்து வரிசையை மட்டும் திறந்து விடுகிற வழியும் அங்கேயே உண்டு. சந்தாக் கணக்குக்கு அதுவே பொருத்தம்.

மாத முடிவில் கமிட்டி கூடிக் கணக்கை ஒப்புக்கொண்ட பிறகு, முடிந்த மாதத்தைப் பூட்டி அடுத்த மாதத்தைத் திறங்கள். செக்ரோல் மாதத்துக்கு மாதம் முடிக்கிற மாதிரித்தான். முடிந்த மாதத்தில் ஒரு பிழை தெரிய வந்தால், கமிட்டியில் சொல்லி, திறந்து, திருத்தி, மீண்டும் பூட்ட வேண்டும். கொஞ்சம் கரைச்சல்தான். அந்தக் கரைச்சல் இருப்பது நல்லது.

பாக்கியைக் கூட்டிக் காட்டுகிற கடைசி வரிசையைக் கட்டாயம் பூட்ட வேண்டும். அந்தக் கட்டங்களில் இருப்பது எண் மாதிரித் தெரிந்தாலும் அது எண் இல்லை, கணக்குப் போடச் சொல்லும் கட்டளை. காசு கட்டக் கட்ட அதுவாகவே குறையும். ஒருவர் அதன்மேல் 600 என்று கையால் அடித்துவிட்டால் கட்டளை அழிந்து 600 மட்டும் நிற்கும். அந்தக் குடும்பம் பிறகு எத்தனை மாதம் கட்டினாலும் பாக்கி 600 என்றே காட்டிக் கொண்டிருக்கும். பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது. இதுதான் இதில் உள்ள பொல்லாத்தனம்.

பூட்டும்போது இரண்டு விதம் கேட்கும். ஒன்று, மாற்ற வந்தால் எச்சரிக்கை மட்டும் காட்டி, "பரவாயில்லை" என்றால் விட்டுவிடுவது. மற்றது, குறிப்பிட்ட ஆட்கள் தவிர யாரையும் விடாதது. பழைய மாதங்களுக்கு இரண்டாவதையே போடுங்கள். ஆனால் தாளின் சொந்தக்காரரை எந்தப் பூட்டும் தடுக்காது என்பதையும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். சங்கத்து ஜிமெயில் பாஸ்வேர்டை உறையில் போட்டு ஒட்டச் சொன்னது அதற்காகவும்தான்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் பூட்டு எழுதுவதைத் தடுக்குமே தவிர, பார்ப்பதைத் தடுக்காது. இதை ரகசியம் காக்கிற பாதுகாப்பாக நினைக்க வேண்டாம் என்று கூகுள் நிறுவனமே தனது விளக்கத்தில் சொல்லியிருக்கிறது. ஒரு வரிசையை மறைத்து வைத்தாலும், தாளைப் பிரதி எடுத்தால் அந்தப் பிரதியில் அதைத் திறந்து பார்த்துவிடலாம். எனவே அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், யாருக்கு என்ன வியாதி என்பது போன்றவை எல்லாரும் பார்க்கிற தாளில் இருக்கவே கூடாது. அவற்றுக்கு வேறு தாள், வேறு அனுமதி. வட்ஸ்அப் குழுவில் போட்ட லிங்க் நமது தோட்டத்தோடு நிற்காது.

ஆள் மாற்றாமல் தாளே மாற்றுகிற கூத்தும் உண்டு. வீட்டு இலக்கம் 5/12 என்று எழுதினால் அது அதைத் திகதி என்று எடுத்துக்கொள்ளும். 077 என்று தொடங்குகிற போன் நம்பரில் முதல் பூச்சியத்தை விழுங்கிவிடும். நாம் மட்டும் இதில் மாட்டவில்லை. மனித மரபணுக்கள் சிலவற்றுக்கு மார்ச் 1, செப்ட் 1 என்று சுருக்கப் பெயர்கள் இருந்தன. எக்ஸெல் அவற்றைத் திகதியாக மாற்றிக் கொண்டே இருந்தபடியால், 2020ஆம் ஆண்டளவில் மரபணுவுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழுவே அந்தப் பெயர்களை மாற்ற வேண்டி வந்தது. நமக்கு வீட்டு இலக்கத்தை மாற்றத் தேவையில்லை. எழுதுவதற்கு முன்னால் அந்த வரிசையை ‘ஃபோர்மட்’, ‘நம்பர்’, ‘பிளெயின் டெக்ஸ்ட்’ என்று வைத்துவிட்டால் எழுதினது எழுதினபடி நிற்கும்.

இத்தனை செய்தும் பிழை வந்துவிட்டால் பயப்படத் தேவையில்லை. கொம்பியூட்டரில் ‘ஃபைல்’ என்பதற்குள் ‘வேர்ஷன் ஹிஸ்டரி’ இருக்கிறது. தாள் முன்பு எப்படி இருந்தது என்று நாள் வாரியாக, நேரம் வாரியாகக் காட்டும். ஒரு கட்டத்தின்மேல் வலது பக்க பொத்தானை அழுத்தி ‘ஷோ எடிட் ஹிஸ்டரி’ என்று கேட்டால், அந்தக் கட்டத்தில் முன்பு என்ன இருந்தது, யார் மாற்றினார் என்று சொல்லும். மேலே சொன்ன அக்காவின் கணக்கு மீண்டது இந்த வழியில்தான். ஆனால் அவசரப்பட்டுப் பழைய பதிவை மீட்டுவிடாதீர்கள். முழுத் தாளும் அந்த நாளுக்குத் திரும்பிவிடும். அதற்குப் பிறகு உண்மையாகக் காசு கட்டினவர்களின் பதிவும் சேர்ந்து பின்னால் போய்விடும். முதலில் இப்போதுள்ள தாளை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு பழையதை மீட்டு, இடைப்பட்ட நாட்களின் பணத்தைப் பிரதியிலிருந்தும் பற்றுச்சீட்டுக் கட்டையிலிருந்தும் பார்த்து ஏற்றுங்கள்.

பற்றுச்சீட்டுப் புத்தகத்தை ஒரு காரணத்துக்காகவும் விடவேண்டாம். "எல்லாம் போன்ல இருக்கே, சீட்டு எதுக்குங்க?" என்று சில சங்கங்களில் கேட்கிறார்கள். காசு கொடுத்தவர் கையில் இருக்கிற ஒரே சாட்சி அந்தச் சீட்டுத்தான். போனில் உள்ளது சங்கத்தின் சாட்சி.

எக்ஸெல் கோப்பை வட்ஸ்அப்பில் அனுப்பிக் கணக்கு வைக்கிற சங்கங்களும் இருக்கின்றன. அங்கே தொல்லை வேறு: பத்துப் பேருக்கு அனுப்பினால் பத்துக் கணக்கு, எது சரி என்று கேட்டால் பத்துப் பதில். ஒரே கொம்பியூட்டரில் ஒருவர் மட்டும் வைத்திருப்பதென்றால் எக்ஸெல் போதும். அதில் ‘ரிவியூ’ என்பதற்குள் ‘புரொடெக்ட் ஷீட்’ உண்டு. ஆனால் எக்ஸெலில் எல்லாக் கட்டமும் பூட்டத் தயாராகவே இருக்கும். எழுத வேண்டிய கட்டங்களை முதலில் திறந்துவிட்டுப் பிறகு பூட்டாவிட்டால் பொருளாளரே வெளியில் நிற்க வேண்டி வரும்.

இனி, ஜிமெயில் இல்லாதவர்கள், எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்கள், போனே இல்லாத பெரியவர்கள். சங்கத்தில் சந்தா கட்டுகிறவர்களில் இவர்களும் அதே அளவு பங்காளிகள். தாளைப் பூட்டிவிட்டு இவர்களுக்குக் காட்டாமல் இருந்தால் பழைய டிரங்குப் பெட்டிக் காலமே திரும்பி வந்ததாக ஆகும். ஆதலால் மாதம் ஒருமுறை தாளை அச்செடுத்து, திகதி போட்டு, பொருளாளர் கையொப்பத்தோடு பிள்ளை மடுவத்துச் சுவரிலோ கோயில் மண்டபத்திலோ சாரல் படாத பக்கமாக ஒட்டுங்கள். கூட்டத்தில் பாக்கி உள்ளவர்களை மட்டும் பெயர் சொல்லி வாசிப்பது மனதைப் புண்படுத்தும். எல்லாருடையதையும் வரிசையாக வாசியுங்கள். "என் கணக்கு சரியில்லை" என்று யாராவது சொன்னால், சீட்டைப் பார்த்து அந்த இடத்திலேயே குறித்துக்கொண்டு, எடிட்டர் ஒருவர் அன்றைக்கே திருத்தட்டும்.

தாளைப் பூட்டுவதற்கு உதவி வேண்டிய சங்கங்கள் நலன்புரி அலுவலகத்துக்கு வரலாம். உட்கார்ந்து சேர்ந்து செய்து கொடுப்போம். வரும்போது தாளின் சொந்தக்காரரையும் அவருடைய போனையும் மறக்காமல் கூட்டி வாருங்கள். அவர் இல்லாமல் வந்தால் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டியதுதான்.